பல் வலி நின்றுவிட்டால் நோய் போய்விட்டதா?



இந்த இதழில் நாம் படிக்கப் போவது பல் வேரைப் பற்றி. "பல்லுக்கெல்லாம் ஒரு பாடமா?" என்று சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் போகும்போது கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கும் உறுப்பினர் ஒருவராவது இருக்கிறார். என்னவென்று கேட்டால், "ராத்திரி பூராம் தூங்கல. காலையில தானா விட்டுருச்சு" என்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்றால், "அதான் வலி நின்னு போச்சே, இனி எதுக்கு?" என்ற பதில் வரும். தீபாவளி சமயம் என்றால் பதில் இன்னும் சுருக்கம்: "சீசன் கழியட்டும்."

வலி தானாக நிற்பது உண்மைதான். ஏன் நிற்கிறது, நின்ற பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரிந்தால், "இனி எதுக்கு?" என்ற கேள்வியை நாம் வேறு மாதிரி கேட்போம்.

பல்லுக்குள்ளே உயிர் இருக்கிறது

பல்லைப் பார்த்தால் கல் மாதிரி இருக்கிறது. ஆனால் அது கல் இல்லை. வெளியே எனாமல் என்ற கடினமான ஓடு. அதற்குள் கொஞ்சம் மென்மையான ஒரு அடுக்கு. நட்டநடுவில் மெல்லிய சதை. இதைப் பற்கூழ் என்று புத்தகத்தில் எழுதுவார்கள். இரத்தக் குழாயும் நரம்பும் இந்தச் சதைக்குள்தான் ஓடுகின்றன. தாடை எலும்புக்குள் புதைந்திருக்கும் வேரின் நுனியில் ஊசி முனை அளவு துவாரம் உண்டு. இரத்தம் வருவதும் போவதும் அந்தச் சின்ன வாசல் வழியாகத்தான்.

சொத்தை எனாமலை அரித்துக்கொண்டு உள்ளே போகிறது. ஆரம்பத்தில் வலி இருக்காது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும், அவ்வளவுதான். கிருமி சதையைத் தொட்டவுடன் கதை மாறிவிடுகிறது. உடம்பில் எங்கே கிருமி புகுந்தாலும் அந்த இடத்துக்கு இரத்தம் அதிகமாகப் பாயும். இடம் சிவக்கும், சூடாகும், வீங்கும், வலிக்கும். இந்த நான்கும் சேர்ந்ததைத்தான் மருத்துவர்கள் அழற்சி என்கிறார்கள். காலில் முள் குத்தினால் சுற்றிலும் சதை வீங்க இடம் இருக்கிறது. பல்லுக்குள் ஏது இடம்? நாலு பக்கமும் சுவர். வீக்கம் உள்ளேயே நெருக்குகிறது, நரம்பு நசுங்குகிறது. படுத்தால் தலைக்கு இரத்தம் கூடுதலாக வருவதால்தான் பல் வலி ராத்திரியில் உயிரை எடுக்கிறது. தலையணையை உயர்த்தி வைத்தால் கொஞ்சம் தேவலை என்று நம் பாட்டிமார்கள் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது.

நெருக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் இரத்த ஓட்டம் நின்று சதை செத்துப்போகிறது. நரம்பும் சாகிறது. நரம்பு செத்தால் வலி நின்றுவிடும். அந்த "அப்பாடா" வருவது இப்படித்தான். பல் குணமாகவில்லை. பல்லுக்குள் இருந்த சதை செத்துவிட்டது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். செத்த பல்லின் வேருக்குள் கிருமிகள் குடியிருக்கின்றன. அங்கே இரத்தம் ஓடவில்லை. உடம்பின் காவல்காரர்களான வெள்ளை அணுக்கள் இரத்தத்தில்தான் பயணம் செய்கின்றன. பாதை இல்லாத வீட்டுக்குள் போலீஸ் எப்படிப் போகும்? கிருமிக்கு அது பத்திரமான ஒளிவிடம். ஆனால் கிருமிகளும் அவை கக்கும் விஷமும் வேர் நுனித் துவாரம் வழியாகத் தாடை எலும்புக்குள் கசிந்துகொண்டே இருக்கும்.

உடம்பு போடுகிற வேலி

உடம்பால் பல்லுக்குள் போக முடியாது. அதனால் வாசலில் காவல் போடுகிறது. வேர் நுனியைச் சுற்றி முதலில் ஓடி வருவது நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள். கிருமியை விழுங்கும், கொல்லும், சீக்கிரமே தாமும் செத்துவிடும். செத்த அணு, செத்த கிருமி, கரைந்த சதை எல்லாம் சேர்ந்ததுதான் சீழ். அடுத்து மேக்ரோபேஜ் என்ற பெரிய அணுக்கள் வந்து குப்பையை அள்ளுகின்றன. அவற்றோடு எந்தக் கிருமி என்று அடையாளம் கண்டு சண்டை போடும் அணுக்களும் வந்து சேர்கின்றன.

இந்த அணுக்கள் ஒன்றுக்கொன்று ரசாயனத் தூது அனுப்பிப் பேசிக்கொள்கின்றன. அந்தத் தூதில் ஒன்று, எலும்பைக் கரைக்கிற அணுக்களை எழுப்பிவிடுகிறது. எலும்பு என்பது கட்டி முடித்த கட்டடம் அல்ல. ஆயுள் முழுக்க ஒரு பக்கம் கரைந்துகொண்டும் ஒரு பக்கம் வளர்ந்துகொண்டும் இருப்பது. வேர் நுனியில் கரைக்கிற வேலை ஓங்கிவிடுகிறது. எலும்பு இருந்த இடத்தில் இரத்தக் குழாய் நிறைந்த மெத்தென்ற ஒரு சதை வளர்ந்து, வேர் நுனியைப் பை மாதிரி மூடிக்கொள்கிறது. எக்ஸ்ரே எடுத்தால் வேர் நுனியில் பட்டாணி மாதிரி கறுப்பாக ஒரு வட்டம் தெரியும். அந்த இடத்தில் எலும்பு இல்லை என்று பொருள். ஓரளவு எலும்பு கரைந்த பிறகுதான் அது படத்தில் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எலும்பு கரைகிறது என்றதும் கேடு என்றுதான் தோன்றும். பாதி அப்படித்தான். ஆனால் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் நம் உறுப்பினர்களுக்கு இன்னொரு பாதியை எளிதில் விளக்கலாம். ஆலையில் மருந்து அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் ஏன் இடைவெளி விடச் சொல்கிறார்கள்? இடத்தை வீணாக்கவா? ஒரு அறையில் அசம்பாவிதம் நடந்தால் அடுத்த அறைக்குத் தாவக் கூடாது என்பதற்குத்தான். உடம்பும் வேர் நுனியில் அதையே செய்கிறது. கிருமி எலும்புக்குள் இறங்கிவிடாமல் எலும்பைப் பின்வாங்க வைத்து, நடுவில் காவல் நிறைந்த சதையை நிரப்புகிறது. இடைவெளிக்கு உடம்பு கொடுக்கும் விலைதான் அந்தக் கரைந்த எலும்பு.

இன்னொன்றையும் உடம்பு பார்த்துக்கொள்ள வேண்டும். சண்டை போடுகிறவர்கள் ஆவேசம் அடங்காமல் போட்டுக்கொண்டே இருந்தால் தாடையே காணாமல் போய்விடும். அதனால் பிரேக்கும் இருக்கிறது. சண்டையை மூட்டும் தூது போகும்போதே, "போதும், அடங்கு" என்ற தூதும் போகிறது. இதற்கென்றே ஒரு வகை அணுக்கள் உண்டு. செத்த நியூட்ரோபில்களை விழுங்கிய மேக்ரோபேஜ் தன் குணத்தை மாற்றிக்கொண்டு, சண்டையை நிறுத்தவும் காயத்தை ஆற்றவும் வேண்டிய பொருளைச் சுரக்க ஆரம்பிக்கிறது. குழுவில் இரண்டு பேர் கத்தும்போது, சத்தமே போடாமல் நடுவில் போய் உட்காருகிற பெரியம்மா ஒருவர் இருப்பாரே, அந்த மாதிரி.

மூட்டுகிற தூதும் அடக்குகிற தூதும் தராசின் இரண்டு தட்டு போல. தட்டு சமமாக நிற்கும் வரை வேலி நிற்கும், வலி இருக்காது. இப்படியே பல வருடம் ஓடலாம். ஆனால் சண்டை முடிவதில்லை. கிருமியின் வீடு பல்லுக்குள் அப்படியே இருக்கிறதே. சில பேருக்குச் சீழ் மெதுவாக வழி தேடி, ஈறில் சின்னக் கொப்புளமாக வந்து உடையும். உப்புக் கரிக்கும், அமுங்கும், மறுபடி வரும். அபூர்வமாக அது தாடைத் தோல் வழியாகவும் வெளியே வரும். முகவாயில் ஆறாத புண் என்று மாதக்கணக்கில் களிம்பு போடுவார்கள். மூலகாரணம் கீழ் வரிசை முன்பல்லின் வேரில் இருக்கும்.

தீப்பெட்டித் தொழிலில் நடந்த கொடுமை

இந்த எலும்பு கரைக்கும் வேலை நின்றுபோனால் என்ன ஆகும்? அதைத் தெரிந்துகொள்ள நம் ஊர்த் தொழிலின் பழைய சரித்திரத்துக்குத்தான் போக வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தீக்குச்சியை வெள்ளை பாஸ்பரஸ் கொண்டு செய்தார்கள். சுவரில் உரசினாலும் பற்றிக்கொள்ளும் குச்சி. அதைச் செய்த தொழிலாளர்கள், அதிலும் பெண்களும் சிறுமிகளும், நாள் முழுக்க அதன் ஆவியைச் சுவாசித்தார்கள். முதலில் பல் வலி வரும். பிறகு ஈறு வீங்கும், சீழ் வடியும். கடைசியில் தாடை எலும்பே அழுகித் துண்டு துண்டாக வெளியே வரும். பக்கத்தில் யாரும் உட்கார முடியாத அளவுக்கு நாற்றம். 1845ல் வியன்னா நகரத்து மருத்துவர் லோரின்சர் இந்த நோயை விவரித்து எழுதினார். சொத்தைப் பல் உள்ளவர்களுக்கும் பல் பிடுங்கிய புண் ஆறாதவர்களுக்கும் இது எளிதாக வந்தது. லண்டனில் பிரையன்ட் அண்ட் மே என்ற பெரிய கம்பெனியில், பல் வலி என்று சொன்னால் உடனே பல்லைப் பிடுங்கு, இல்லையென்றால் வேலையை விட்டுப் போ என்ற நிலை இருந்தது.

அந்தக் கம்பெனியில் 1888 ஜூலையில் ஏறக்குறைய 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். குறைந்த கூலி, தொட்டதற்கெல்லாம் அபராதம், கேட்டால் வேலைநீக்கம் என்று பல குறைகள். அவர்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதி ஊர் அறியச் செய்தவர் அன்னி பெசன்ட். பின்னாளில் சென்னை அடையாறில் வாழ்ந்தாரே, அவரேதான். பெசன்ட் நகர் என்று இன்று சொல்வது அவர் பெயரைத்தான். வேலைநிறுத்தம் வெற்றி பெற்றது, ஆனால் வெள்ளை பாஸ்பரஸ் உடனே போய்விடவில்லை. தாடை நோய் கண்டவர்களை மறைத்ததற்காக அதே கம்பெனிக்கு 1898ல் அபராதம் விதித்தார்கள். 1906ல் பெர்ன் நகரத்தில் பல நாடுகள் கூடித் தடை ஒப்பந்தம் போட்டன. இந்தியாவில் 1913ல் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம் வந்தது.

சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து, 1923ல் இங்கே ஆரம்பித்தார்கள். அதாவது தடை வந்து பத்து வருடம் கழித்து. இன்று பெட்டியின் பக்கவாட்டில் பூசும் மருந்தில் இருப்பது சிவப்பு பாஸ்பரஸ். அதனால் இந்தத் தாடை நோய் வராது. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிய, பெட்டி ஒட்டிய சகோதரிகள் இதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம். நாம் தப்பித்தது தற்செயலாகவும் அல்ல. எங்கோ முகம் தெரியாத பெண்கள் தெருவில் இறங்கியதற்கும் அதில் பங்கு உண்டு.

சரி, வெள்ளை பாஸ்பரஸ் ஏன் தாடையைத் தாக்கியது? எலும்பைக் கரைத்துப் புதுப்பிக்கும் அணுக்களை அது முடக்கிவிட்டது என்று இன்றைய ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். செத்த எலும்பை அகற்ற ஆளில்லை, கிருமிக்கும் எலும்புக்கும் நடுவில் இடைவெளி விட ஆளில்லை. சொத்தைப் பல்லின் வேரில் இருந்த கிருமிக்குத் தாடை முழுவதும் திறந்த வீடாகிவிட்டது. வேர் நுனியில் எலும்பு பின்வாங்குவது பாதி பாதுகாப்பு என்று மேலே சொன்னோம் அல்லவா, அந்தப் பாதுகாப்பு இல்லாதவர்களின் கதி இதுதான்.

இது வெறும் பழங்கதை இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் போன்ற மாத்திரை சாப்பிடும் அக்காமார் நம் குழுக்களிலும் இருப்பார்கள். புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கு சோலெட்ரோனிக் அமில ஊசி போடுவார்கள். இந்த மருந்துகளும் எலும்பு கரைக்கும் அணுக்களை அடக்குபவைதான். பல் பிடுங்கிய பிறகு சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போவதை 2003 முதல் மருத்துவர்கள் எழுதி வருகிறார்கள். மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு, புற்றுநோய் ஊசி போடுபவர்களுக்குக் கூடுதல். பயந்துபோய் மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது. பல் டாக்டரிடம் நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

வேலி உடைந்தால்

எங்கள் பகுதி உறுப்பினர் ஒருவருக்கு நடந்தது இது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் இரண்டு வருடத்துக்கு முன் வலி. மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார், நின்றது. மறந்தும் போனார். புரட்டாசியில் ஆலையில் வேலை நெருக்கடி. ஒரு நாள் தாடைக்கு அடியில் லேசாக வீக்கம். உப்பை வறுத்துத் துணியில் கட்டி வெளியே ஒத்தடம் கொடுத்தார். மூன்றாம் நாள் வாயைத் திறக்க முடியவில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் வழிய விட்டுக்கொண்டிருந்தார், குரல் மாறிவிட்டது. அப்போதுதான் வீட்டுக்காரர் வண்டி பிடித்தார். கழுத்தில் கீறிச் சீழ் எடுத்தார்கள். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. சர்க்கரை 300க்கு மேல் இருப்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. பிழைத்துக்கொண்டார். அந்தத் தீபாவளிக் கூலியும் போனஸும் போனது போக, வெளியே வட்டிக்கு வாங்கியதை அவர் அடுத்த சித்திரை வரை கட்டினார். பல்லுக்கென்று குழுவில் அவர் ஒரு முறைகூடக் கடன் கேட்டதில்லை. காதுகுத்துக்குக் கேட்டிருக்கிறார்.

இரண்டு வருடம் நின்ற வேலி ஏன் உடைந்தது? கிருமி பெருகியிருக்கலாம். காவல் தளர்ந்திருக்கலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குக் காவல் அணுக்கள் மந்தமாகின்றன. அதோடு "போதும், அடங்கு" என்ற தூதும் சரியாக வேலை செய்வதில்லை. கிருமியும் சாகாது, அழற்சியும் அடங்காது. இது இரண்டு பக்கமும் ஓடும். வேரில் சீழ் இருந்தால் சர்க்கரையும் ஏறும். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். அப்படி வருபவரிடம் பல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

தாடைக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம், வாய் திறக்க முடியாமை, விழுங்க முடியாமை, நாக்கு மேலே தூக்கிக்கொள்வது, மூச்சு வாங்குவது, கண்ணைச் சுற்றி வீக்கம், குளிர் காய்ச்சல். பல் வலியோடு இவற்றில் ஒன்று வந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். 108க்குப் போன் செய்யுங்கள். கழுத்து வீக்கம் மூச்சுக் குழாயை அடைத்துவிட்டால் மணிக்கணக்கில்தான் நேரம் இருக்கும்.

பூச்சியும் செட் மாத்திரையும்

பல்லில் பூச்சி இருக்கிறது, புகை போட்டால் விழும் என்று இன்னும் சில ஊர்களில் நம்புகிறார்கள். கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடிப்பார்கள். அதன் பிறகு "பூச்சி" என்று எதையோ காட்டுவார்கள். அது பல்லிலிருந்து வந்ததில்லை. பல்லில் புழு கிடையாது. 1965ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். எலிகளின் பல்லில் சதை தெரியும் வரை துளை போட்டு அப்படியே விட்டார்கள். சாதாரண எலிகளுக்குப் பல் சதை செத்துச் சீழ் பிடித்தது. பிறந்தது முதல் கிருமியே இல்லாத கூண்டில் வளர்ந்த எலிகளுக்கோ, துளையில் தீனி அடைத்துக்கொண்டிருந்தும் சீழ் பிடிக்கவில்லை. துளைக்கு அடியில் புதிதாக ஒரு மூடி வளர்ந்து காயம் ஆறியது. குற்றவாளி கண்ணுக்குத் தெரியாத கிருமிதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கிருமி இல்லாவிட்டால் உடம்பு தானே ஆற்றிக்கொள்ளும் என்பதற்கும் இதுவே சாட்சி.

மெடிக்கலில் சீட்டு இல்லாமல் கொடுக்கும் "செட்" மாத்திரையைப் பற்றி நாங்கள் கொஞ்சம் கோபமாகவே எழுத வேண்டியிருக்கிறது. காகிதத்தில் மடித்த நாலு கலர் மாத்திரைகளில் சில சமயம் ஸ்டீராய்டு இருக்கும். அது அழற்சியை அமுக்கிவிடும். கிருமி உள்ளே இருக்கும்போதே காவல்காரரைத் தூங்கப் போடுகிற காரியம் இது. வீக்கம் வத்தும், கிருமி வத்தாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு சர்க்கரையையும் ஏற்றிவிடும்.

ஆன்டிபயாடிக் மட்டும் போதுமா? போதாது. மாத்திரை வயிற்றிலிருந்து இரத்தத்தில் கலந்துதான் எங்கேயும் போகும். செத்த பல்லுக்குள் இரத்தம் போவதில்லை என்று மேலே படித்தோம். பரவும் வீக்கத்தையும் காய்ச்சலையும் அது அடக்கும், அதற்கு அது அவசியம்தான். பல்லுக்குள் இருக்கும் கூட்டை அது தொடாது. போன முறை மிஞ்சிய மாத்திரையைத் தேடி எடுத்து இரண்டு நாள் சாப்பிடுவது கிருமிக்குப் பயிற்சி கொடுப்பதற்குச் சமம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வரை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். கிராம்புத் தைலம் ஒரு சொட்டுப் பஞ்சில் வைக்கலாம், கொஞ்ச நேரம் மரத்துப்போகும். வலிக்கு பாராசிட்டமால். கன்னத்துக்கு வெளியே சூடான ஒத்தடம் வேண்டாம், வீக்கம் கூடலாம். ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைத்தால் ஈறு வெந்துவிடும். புகையிலையை அடக்கி வைப்பது வேண்டவே வேண்டாம். மரத்துப்போவது போலத் தோன்றும், பிறகு வாய்ப்புற்றுக்கு வழி திறக்கும்.

பல்லைக் காப்பதா, எடுப்பதா

கிருமியின் வீட்டைக் காலி செய்வதற்கு இரண்டே வழி. ஒன்று, பல்லை எடுத்துவிடுவது. இன்னொன்று வேர் சிகிச்சை. ரூட் கேனல் என்கிறார்களே, அதுதான். பல்லைத் திறந்து செத்த சதையை எடுத்து, வேர்க் குழாயைக் கழுவிச் சுத்தம் செய்து அடைத்துவிடுவார்கள். அதன் பிறகு நடப்பது அழகு. கசிவு நின்றதும் மூட்டும் தூது குறைகிறது, எலும்பு கரைக்கும் அணுக்கள் ஒதுங்குகின்றன, எலும்பு கட்டும் அணுக்கள் வேலைக்கு வருகின்றன. எக்ஸ்ரேயில் தெரிந்த கறுப்பு வட்டம் சில மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் சுருங்கும். பெரிய வட்டமாக இருந்தால் இன்னும் அதிக காலம் பிடிக்கும். போன எலும்பு திரும்பி வருகிறது.

எல்லாப் பல்லையும் காப்பாற்ற முடியாது என்பதும் உண்மை. அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் பல் எடுக்கப் பணம் இல்லை. வேர் சிகிச்சை எல்லா அரசு மருத்துவமனையிலும் கிடைப்பதில்லை, கேட்டுப் பார்க்க வேண்டும். ஆலையில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் அட்டையை எடுத்துக்கொண்டு சிவகாசி ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் விசாரியுங்கள். மாவட்டத் தலைநகரில் 2022ல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்துவிட்டார்கள். எந்தக் கிழமை பல் டாக்டர் இருப்பார் என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டுக்கொண்டு போனால் ஒரு நாள் கூலி மிச்சம்.

கர்ப்பிணிகள் பல்லில் கை வைக்கக் கூடாது என்று மாமியார்கள் சொல்வதுண்டு. வேரில் சீழ் வைத்துக்கொண்டு பத்து மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதுதான் தவறு. நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை சிகிச்சைக்கு நல்ல காலம். அவசரம் என்றால் எந்த மாதமும் பார்க்கலாம். கர்ப்பமாக இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை மட்டும் நீங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

ஊக்குநர், பிரதிநிதிகளுக்கு ஒரு கோரிக்கை. உள்கடன் கொடுக்கும்போது பல் வைத்தியத்தையும் மருத்துவச் செலவாக எழுதுங்கள். "பல்லுக்கா கடன்?" என்று யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சீசன் ஆரம்பிக்கும் முன், ஆடியிலேயே இந்தப் பேச்சை எடுத்துவிட்டால் நல்லது. ஐப்பசி நெருங்கிவிட்டால் யாரும் ஒரு நாள் லீவு போட மாட்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் சேமிப்புப் பணம் எண்ணி முடித்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒருவர் வாயை ஒருவர் செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். மற்றப் பல்லைவிடக் கறுத்துப்போன பல் இருக்கிறதா? ஈறில் பருக்கை மாதிரி கொப்புளம் இருக்கிறதா? முன்பு பயங்கரமாக வலித்து இப்போது சத்தமில்லாமல் இருக்கும் பல் யாருக்கு இருக்கிறது? அவர்கள் பெயரைத் தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டு, எந்தக் கிழமை, யார் துணைக்குப் போவது என்பதையும் அங்கேயே பேசி முடித்துவிடுங்கள்.